காதில் விழாத சட்டம்

மக்களவையில் தமிழக உறுப்பினர் ஒருவர் தாய்மொழியில் பேச எழுந்தால், எதிரே அமர்ந்திருக்கும் வடமாநில அமைச்சரின் கை இயல்பாகவே ஹெட்போனை நோக்கி நீளும். அதைக் காதில் பொருத்தி, விசையைத் திருப்பி, தமக்குத் தெரிந்த மொழியில் பேச்சைக் கேட்பார். 1964-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய உடனடி மொழிபெயர்ப்பு வசதி, இன்று பல இந்திய மொழிகளுக்கு விரிந்திருக்கிறது. செய்தியாளர் மாடத்திலிருந்து பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சி இது. ஹெட்போன் மாட்டிய அமைச்சரைக் குறையுள்ளவர் என்று ஒருவரும் கருதியதில்லை. அவையில் பேசப்படுவது ஒவ்வோர் உறுப்பினரின் காதிலும் விழ வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வது அவையின் கடமை. அவ்வளவுதான்.

இதே கடமை ஒரு திரையரங்கத்துக்கும், கருத்தரங்கக் கூடத்துக்கும், பேருந்து நிலையத்துக்கும் உண்டா? உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அந்தச் சட்டம்தான் இன்னும் பலர் காதில் விழவில்லை.

2016-ஆம் ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடர் நினைவிருக்கலாம். ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பால் இரு அவைகளும் நாள்தோறும் அமளியில் முடங்கின. அந்தக் கூச்சலுக்கு நடுவில், கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் ஒன்றுபட்டு நிறைவேற்றிய மசோதா, மாற்றுத் திறனாளிகள் உரிமை மசோதா. டிசம்பர் 14-ஆம் தேதி மாநிலங்களவையும், 16-ஆம் தேதி மக்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தன. 1995-ஆம் ஆண்டு சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இருபத்தொன்றாயின. பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அனைவரும் பயன்படுத்தத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று அச்சட்டம் கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

பயன்படுத்தத்தக்கது என்றவுடன் நம் அதிகாரிகளின் நினைவுக்கு வருவது சக்கர நாற்காலிக்கான சாய்தளம் மட்டுமே. சாய்தளம் அவசியம்தான். ஆனால், அதன் வழியே உள்ளே வந்து அமர்ந்தவருக்கு மேடையில் பேசுவது கேட்கிறதா என்பதை யார் பார்ப்பது? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளோர் ஏறத்தாழ 50 லட்சத்து 71 ஆயிரம் பேர். வயது முதிர்ந்து செவி மங்கியும், அதை வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருப்போர் இந்தக் கணக்கில் முழுமையாக வந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பிரச்னையை எடுத்துப் பார்க்கத் திருவனந்தபுரத்தின் தம்பானூரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மத்திய ரயில் நிலையமும், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையமும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன. கூப்பிடு தூரத்தில், மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகள் ஒரே வளாகத்தில் உள்ளன. டிசம்பர் மாதம் நடைபெறும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் முக்கியக் களங்களுள் இவையும் அடங்கும். அதே நகரின் ஆக்குளத்தில், 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமான 'நிஷ்' இயங்குகிறது. திரையரங்குகளும் அரசுடையவை, பேருந்து நிலையமும் அரசுடையது, வழிகாட்ட நிபுணர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். தனியார் முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை.

மேலும், 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் முதியோர் விகிதம் மிக அதிகமாக இருந்த மாநிலம் கேரளம், 12.6 சதவீதம். நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் மருத்துவத்துக்காகவும் வேலைக்காகவும் தம்பானூரில் வந்து இறங்கும் தமிழர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்களில் பலருக்கு மலையாளம் காதால் கேட்டால் புரியும். எழுத்து வாசிக்கத் தெரியாது. திரையின் கீழே மலையாளத்தில் வசன வரிகள் ஓடினால் செவி மங்கிய ஒரு குமரி மாவட்ட முதியவருக்கு அதனால் பயன் என்ன? வசன வரிகள் காது முற்றிலும் கேளாதோருக்கு இன்றியமையாதவை. ஓரளவு கேட்பவர்களுக்கோ, ஒலியைத் தெளிவாகக் காதில் சேர்ப்பதே உதவி. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகிவிடாது.

காதுக்கருவி அணிந்தவருக்கு எதற்குத் தனியாக வேறொரு கருவி என்று கேட்கலாம். காதுக்கருவி அருகில் இருந்து பேசுபவரின் குரலுக்கு ஏற்றது. பெரிய கூடத்தில் அது மேடைப் பேச்சுடன் மின்விசிறியின் இரைச்சலையும், பக்கத்து இருக்கைக்காரரின் இருமலையும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் சேர்த்தே பெருக்குகிறது. கம்பியில்லா செவி உதவிக் கருவியோ, பேச்சாளரின் மைக்கிலிருந்தோ படத்தின் ஒலித்தடத்திலிருந்தோ ஒலியை நேராக எடுத்து, நடுவில் உள்ள இரைச்சலைத் தாண்டிக் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதில் மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, காந்தத் தூண்டல் வளையம். கூடத்தைச் சுற்றித் தரையில் பதிக்கும் கம்பி ஒலியைக் காந்தப்புலமாக மாற்றும். காதுக்கருவிக்குள் 'டெலிகாயில்' என்ற சிறு கம்பிச்சுருள் இருந்தால் அது நேராக அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு எதையும் கேட்டு வாங்கி மாட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, வானொலி அலை முறை. மூன்றாவது, அகச்சிவப்புக் கதிர் முறை. பின்னவை இரண்டிலும் உள்ளங்கையில் அடங்கும் ரிசீவர் ஒன்றை வாசலில் பெற்றுக்கொள்ள வேண்டும். புளூடூத் வழியே ஒரே ஒலியைப் பலருக்கும் ஒலிபரப்பும் 'ஆராகாஸ்ட்' முறை 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. எனினும், அதை ஏற்கும் காதுக்கருவிகள் எல்லோர் கைக்கும் வந்து சேரும் வரை கூடங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

எந்த முறை எங்கே பொருந்தும் என்பதில்தான் பிழை நேர்கிறது. கைரளி வளாகம் போல் மூன்று அரங்குகள் ஒட்டி நிற்கும் இடத்தில் சாதாரணத் தூண்டல் வளையத்தைப் பதித்தால், நிளாவில் இருப்பவரின் காதில் ஸ்ரீயில் ஓடும் படத்தின் வசனம் விழும். அங்கே சுவரைத் தாண்டாத அகச்சிவப்புக் கதிரோ, கசிவைக் குறைக்கும் வகையில் வடிவமைத்த வளையமோ வேண்டும். கனகக்குன்றிலுள்ள நிசாகந்தி போன்ற திறந்தவெளி அரங்கில் பகல் வெளிச்சம் அகச்சிவப்பைத் தடுமாறச் செய்யும்; அங்கே வானொலி அலையே ஏற்றது. கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள் வளையத்தின் வலிமையைக் குறைக்கும். அருகில் செல்லும் மின்கம்பிகள் ரீங்காரத்தை உண்டாக்கும். எனவேதான் பதிக்கும் முன்பும் பதித்த பின்பும் அளந்து பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. ஒலியின் உச்சத்தில் காந்தப்புலம் மீட்டருக்கு 400 மில்லியாம்பியர் இருக்க வேண்டும் என்று அளவையும் நிர்ணயித்திருக்கிறது. வானொலி அலைக் கருவி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கென ஒதுக்கிய அலைவரிசையில் இயங்கும் கருவி என்பதாலேயே அதை இங்கே இயக்கிவிட முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு அனுமதித்த அலைவரிசையா என்று பார்த்தே வாங்க வேண்டும். வானொலி அலை சுவரைத் தாண்டும் என்பதால், ரகசியம் காக்க வேண்டிய நீதிமன்றக் கூடங்களுக்கும் ஆலோசனைக் கூட்டங்களுக்கும் அகச்சிவப்பு முறையே உகந்தது.

பொருத்தினால் மட்டும் போதுமா? பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். உதவிக் கருவியே செவிக்கு ஊறு செய்துவிடக் கூடாது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. ஆகவே ரிசீவரைக் கொடுக்கும் ஊழியர், ஒலி அளவை முழுவதும் குறைத்த பிறகே காதில் பொருத்தச் சொல்ல வேண்டும். டெலிகாயில் உள்ள காதுக்கருவி அணிந்தவருக்கு, அதைக் கழற்றாமலே கேட்கக் கழுத்தில் மாட்டும் வளையம் தரலாம். ஆனால், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரைக் கலந்த பின்னரே அதை அணிய வேண்டும். ஒருவர் அணிந்த காதுப் பஞ்சு உறையை மாற்றாமல் அடுத்தவருக்குக் கொடுப்பது நோய்த் தொற்றுக்கு வழி. சாதாரண பேட்டரியை மின்னேற்றப் பெட்டியில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீ விபத்து போன்ற நெருக்கடி அறிவிப்புகள் ஒலிபெருக்கியில் மட்டுமல்லாமல் இந்தக் கருவிகளிலும் கேட்கும்படி இணைப்பு இருக்க வேண்டும். கூட்டம் எழுந்து ஓடும்போது காரணம் தெரியாமல் அமர்ந்திருப்பவராக ஒரு முதியவர் ஆகிவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் உறவினர் ஒருவரை ஒரு கருத்தரங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். கூடத்தின் பெயர் இங்கு வேண்டாம். செவி உதவிக் கருவி உண்டா என்று கேட்டதும் ஊழியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஓர் அலமாரியிலிருந்து உறை பிரிக்காத பெட்டி ஒன்று வந்தது. பேட்டரி செத்திருந்தது, இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் பிறர் சிரித்தபோது சிரித்து, கைதட்டியபோது கைதட்டி, என் உறவினர் வீடு திரும்பினார். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வர அவர் சம்மதிப்பதில்லை. தணிக்கையாளரின் பார்வையில் அந்தக் கூடம் கருவி வாங்கிய கூடம்; கணக்கு சரியாக இருக்கிறது.

அலமாரியில் உறங்கும் இத்தகைய கருவிகளை எழுப்ப வழிகாட்டுதல்கள் போதாது. 2021-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டி நெறிகளில் செவி உதவி ஏற்பாடுகளுக்கு இடமுண்டு. 2024 மார்ச் மாதம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கு வெளியிட்ட நெறிகளிலும் அவை பேசப்படுகின்றன. நெறிகள் பரிந்துரையாக இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே விடை சொல்லிவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக்கிய 15-ஆவது விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது.

அத்தகைய கட்டாயத் தரத்தில் செவிக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்கிவிட்டு நகரக் கூடாது. எண்ணிக்கை வேண்டும். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு தரத்தின்படி 400 இருக்கைகள் உள்ள கூடத்தில் குறைந்தது 16 ரிசீவர்கள் இருக்க வேண்டும். அவற்றில் 4 காதுக்கருவியுடன் இணையத்தக்கவையாக இருக்க வேண்டும். ரிசீவரின் உச்ச ஒலி 118 டெசிபலைத் தாண்டலாகாது என்ற வரம்பும் அங்கு உண்டு. நமது நாட்டின் தேவைக்கேற்ப இங்கும் அளவுகளை நிர்ணயிக்கலாம். ஆண்டுதோறும் அளவீட்டுச் சோதனை, வாசலில் காதுச் சின்னத்துடன் அறிவிப்புப் பலகை, ஒவ்வொரு காட்சி நேரத்திலும் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அரங்கத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்றைக் கேட்பது போல் இந்தச் சோதனைச் சான்றையும் கேட்க வேண்டும்.

கருவி கேட்பவரிடம் ஊனச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் எங்கும் தலைதூக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டு சட்டத்தின் அட்டவணைப்படி, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரே 'கேட்கும் திறன் குறைந்தவர்'. உலக சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதில் இழப்பு 35 டெசிபலைத் தாண்டினாலே வாழ்க்கையைப் பாதிக்கும் குறைபாடு என்கிறது. இடைப்பட்ட அந்த வெளியில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் இருக்கிறார்கள். சான்றிதழ் அவர்களுக்குக் கிடைக்காது. இந்தக் கருவியால் மிக அதிகப் பயன் பெறக்கூடியவர்களும் அவர்களே.

சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்த 'சுருதிதரங்கம்' திட்டத்தின் மூலம் நிதி தரும் மாநிலம் கேரளம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து கைரளியில் படம் பார்க்கவும், மத்தியப் பேருந்து நிலையத்தின் விசாரணைச் சாளரத்தில் பேருந்து நேரம் கேட்கவும் வருவார்கள். தம்பானூரின் மூன்று திரையரங்குகளிலும் அந்தச் சாளரத்திலும் முறையாகப் பொருத்தி, 'நிஷ்' நிபுணர்களைக் கொண்டு அளந்து, பயன்படுத்துவோரையே அழைத்துச் சோதித்து, அந்த அனுபவத்தை நாட்டின் முன்வைத்தால், மத்திய அரசு வகுக்கும் தரத்துக்கு அது முன்மாதிரியாகும். தமிழகமும் நாகர்கோவில் வரை வந்துவிட்ட முன்மாதிரியைப் பார்க்காதிருக்க முடியாது.

மொழி புரியாத உறுப்பினருக்கு ஹெட்போன் தருவதைச் சலுகை என்று நாடாளுமன்றம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்கவில்லை என்றால் விவாதமே முழுமையாகாது என்று அதற்குத் தெரியும். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவருக்கும் அதே நியாயம் பொருந்தும்.