பூட்டிய வீட்டுக்கும் வாக்கு உண்டு

கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் நம் சேரிகளில் ஏராளம். தை மாதம் பூட்டிய வீடு ஆனியில்தான் திறக்கும். இடையில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வருபவர் பூட்டைப் பார்த்து ‘இடம்பெயர்ந்தவர்’ என்று எழுதிவிட்டால், தேர்தல் நாளில் சூளையிலிருந்து ஓடிவருபவருக்குப் பட்டியலில் பெயர் இருக்காது.

பட்டியல் சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. இறந்தவர் பெயரில் விழும் கள்ள ஓட்டு, கால்கடுக்க வரிசையில் நின்று நாம் போடும் ஓட்டைத்தான் செல்லாக்காசாக்குகிறது. ஆனால் இறந்தவரை நீக்குவது பாதி வேலை. இருப்பவர் ஒருவரையும் விடாமல் சேர்ப்பது மீதிப் பாதி.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 20ஆம் பிரிவின்படி, தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே ஒருவர் சொந்த ஊரில் வசிப்பவர் அல்ல என்றாகிவிடாது. இடம்பெயர்ந்தார் என்று பெயரை நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. பொய்யான உறுதிமொழி தருபவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 31ஆம் பிரிவு.

ஓட்டை எங்கே? விளக்கம் கேட்கும் நோட்டீசும் அதே பூட்டிய வீட்டுக்குத்தான் வருகிறது. வீடு வீடாக வருகிற ஆசிரியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நடைமுறை மாற வேண்டும்.

பீகாரில் 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பெயரையும் காரணத்தையும் வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14இல் உத்தரவிட்ட பிறகே அவை மக்கள் பார்வைக்கு வந்தன. நாம் கேட்பது இதுதான்: நீக்க நினைக்கும் பெயர்களைக் காரணத்தோடு வாக்குச்சாவடியிலும் காலனியின் பொது இடத்திலும் முன்கூட்டியே ஒட்டுவதை விதியாக்குங்கள். நீதிமன்றம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை கூடாது.

அதுவரை நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. கல்லூரி மாணவர்களே, வரைவுப் பட்டியல் வந்ததும் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். சூளையில் இருப்பவர்களுக்குப் போன் போடுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6, பிழை இருந்தால் படிவம் 8. யாராவது படிவம் 7 கொடுத்து நம்மவர் பெயரை நீக்கச் சொன்னால் விசாரணைக்குக் கூடவே போங்கள். முடிவு பாதகமானால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

சொத்தும் படிப்பும் உள்ளவருக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அதை உரிமையாக்கியது. அந்த உரிமையை ஒரு பூட்டுக்கு விட்டுக்கொடுக்க நம்மால் முடியாது.