தப்பு நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. லாரி ஓட்டுகிறவர்களும், லாரி வைத்திருப்பவர்களும், வீட்டில் ஒரு டிரைவர் இருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

இலஞ்சிக்காரர்களுக்கு லாரிச் சத்தம் புதிதல்ல. தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நமக்குப் பக்கத்திலேதான் ஓடுகிறது. காய்கறி, சிமெண்ட், கல், மரம் என்று இரவு பகலாக ஏறி இறங்குகின்றன. அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகிய பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். அதில் புதிதாக உரிமம் வாங்கிய ஒருவன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டான்: "டீச்சர், ஏதாச்சும் ஆகி வண்டியவிட்டு எறங்குனா ஊர்க்காரங்க அடிக்காங்க. எறங்காமப் போனா போலீஸ் பிடிக்கு. நாங்க என்னதான் செய்ய?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

நம் சட்டப்படி 20 வயது ஆனால் சரக்கு வண்டி ஓட்ட உரிமம் கிடைக்கும். அதற்கு முன் ஓராண்டு சிறிய வண்டிக்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வயதில் பல டன் எடையோடு மலைப்பாதையில் இறங்குகிற பிள்ளை தப்பே செய்யமாட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடிப்பான். தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் சரக்கை நனைய விடுவான். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துச் சூடாக்குவான். இதெல்லாம் பழகும் காலத்துத் தப்புகள்.

என் கவலை அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றியது. இடித்ததை ஓனரிடம் சொல்வானா, மறைப்பானா? பிரேக்குக்குக் காற்று ஏற வழக்கத்தைவிட நேரமாகிறது என்று தெரிந்தும், தன் தலையில் விழும் என்று பயந்து சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டால், அந்த வண்டியை மறுநாள் எடுக்கும் இன்னொரு டிரைவரின் உயிர் அதில் தொங்குகிறது. இடித்தது கைப்பழக்கம் இல்லாததால் வந்தது. மறைப்பது அவன் தெரிந்தே செய்வது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி முதல் வாரத்தில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியதும் நினைவிருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. வண்டி ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றது அதன் இரண்டாம் உட்பிரிவு. டிரைவர்கள் கொதித்தார்கள். மத்திய அரசு பேச்சு நடத்தியது. புதிய சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

டிரைவர்களின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். தப்பு யார் பக்கம் என்று பார்க்காமல், பெரிய வண்டிக்காரனை இழுத்துப் போட்டு அடிக்கிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அடிக்கிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதை நிறுத்தாமல் "ஏன் ஓடினாய்?" என்று கேட்க நமக்கு வாயில்லை.

ஆனாலும் தம்பிமாரே, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க முயற்சி செய்ய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, 134ஆம் பிரிவில், டிரைவரின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. போலீஸ் அங்கே இல்லையென்றால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போய்ச் சொல்ல வேண்டும். ஆக, அடிக்குப் பயந்து விலகி நேராக ஸ்டேஷனுக்குப் போகிறவன் ஓடிப்போனவன் ஆகமாட்டான். போகிற வழியிலேயே 108க்கு ஒரு போன் போட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஓடிப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் சொல்கிறேன். வண்டி எது என்று தெரிந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்துத் தீர்ப்பாயம் இழப்பீடு சொல்லும். இன்சூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் கம்பெனி கட்டும். வண்டி எது என்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திட்டப்படி அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் என்றால் 50 ஆயிரம். அப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் அந்த ஓட்டத்தில் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பறையில் வந்து உட்காருவார்கள், எத்தனாம் வகுப்போடு நின்றுபோவார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி புளியரை எஸ் வளைவில் கவிழ்ந்து கீழே ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் சத்தம் கேட்டு வந்து பார்த்தார்கள். ரயில் வருகிறது என்று தெரிந்ததும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வெளிச்சம் காட்டி ரயிலை நிறுத்தினார்கள். மாநில அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

அந்த விபத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. அந்த வயதில் இருட்டில் தண்டவாளத்தில் ஓடினார்கள். யார் தப்பு என்பதை விடிந்த பிறகு பேசலாம், அடுத்து வருகிற ஆபத்தை முதலில் தடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

லாரி வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் ஒரு கீறலைச் சொன்னதும் பேட்டாவில் பிடித்தால், அடுத்த தடவை அவன் சொல்லமாட்டான். சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளையை அந்த நேரத்தில் அடித்தால், அடுத்த சிலேட்டு "தானா உடைஞ்சுது டீச்சர்" ஆகிவிடும். முப்பது வருடத்துக்கு மேல் நான் கண்ட பாடம் இது. வந்து சொன்னவனுக்கு ஒரு நியாயம், மறைத்தவனுக்கு வேறு நியாயம் என்று வைத்துப் பாருங்கள். தூக்கமில்லாதவனை மறுபடி லோடு ஏற்றி அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பிய பிறகு நடக்கிற விபத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

புதிதாக ஓட்ட வந்த பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். என்ன நடந்தாலும் வண்டியை ஓரங்கட்டு. 108க்குச் சொல். அங்கே நிற்க முடிந்தால் நில். முடியாவிட்டால் நேராக ஸ்டேஷன். அதன் பிறகு ஓனருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நம் தெருமுனையில் ஒரு லாரி இடித்து நின்றால், கையை ஓங்குகிறவர்களுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் நம்மில் இரண்டு பேர் போய் நிற்போம். நிற்பவனுக்கு அடி விழாது என்று தெரிந்தால் ஓடுகிறவர்கள் குறைவார்கள்.

உங்கள் வீட்டில் புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளை இருந்தால் இன்று இரவு சாப்பிடும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். ஓட்டுகிற என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் நடைமுறைக்கு ஒத்து வராதது இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். இப்போதும் எல்லாவற்றையும் வாசித்துப் பார்ப்பேன்.

பத்திரமாகப் போய் வாருங்கள், பிள்ளைகளே.