கொம்புத் தேன்

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமோ என்னும் பழமொழியை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம், ஆசைப்பட்டதில் அம்முடவன் செய்த குற்றம் யாது என யான் வினவுவதுண்டு.

இத்தாலியரான நிக்கோலா டுட்டோ என்பார் 2010இல் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டமொன்றில் வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தார், கால்கள் இயக்கமிழந்தன. அவரே 2019 ஜனவரியில் பெரு நாட்டு மணற்பாலையில் நிகழ்ந்த டக்கார் ஓட்டத்தில் மோட்டார்ச் சைக்கிளிற் புகுந்தார். அந்நிலையினர் ஒருவர் அவ்வாறு புகுந்தது அதுவே முதன்முறை. கியர் மாற்றுதலும் பின்பிரேக்கும் காலினின்று கைக்கு மாற்றப்பட்டன. கால்களைக் காக்க இருபுறமும் உலோகக் கூடு அமைந்தது. வண்டி நின்றாற் கால் ஊன்ற இயலாது. வீழ்ந்தால் தாமே எழ இயலாது. ஆதலின் துணைவர் மூவர் உடனோட்டினர். நான்காங் கட்டத்தில் அவர் போட்டியினின்றும் நீக்கப்பட்டார்.

‘இவருக்கேன் இந்த வேலை?’ என்பாருளர். காலுடையார் அதே மணலில் விழுந்தெழும்போது அங்ஙனங் கேட்பாரிலர். அவர்க்கு அது வீரம், இவர்க்கு அடம்! மருந்தும் ஊன்றுகோலும் ஈந்தாற் போதும், இன்பம் மிகையென்பது நம்மவர் கருத்துப் போலும். விளையாட்டுப் பாடவேளையிலே கால் நலிந்த பிள்ளையைப் புத்தகப் பைகளுக்குக் காவலிருத்தும் வழக்கத்தை யான் பள்ளிகள் பலவற்றிற் கண்டிருக்கிறேன். அப்பிள்ளையின் கண் பைகளின்மேல் இருந்ததில்லை.