டப்பாவில் அடைத்த புரதம்

ஒரு டப்பாவின் மேல் ‘அமினோ அமிலங்கள் நிறைந்தது’ என்று எழுதியிருந்தால் போதும், நம் ஜனங்கள் கைகூப்பி விடுகிறார்கள். அமிலம் என்றால் பயப்பட வேண்டியவர்கள், முன்னால் ‘அமினோ’ சேர்ந்ததும் பக்தி கொள்கிறார்கள்!

விஷயம் அப்படியொன்றும் தேவ ரகசியம் அல்ல. நாம் தின்னும் புரதத்தை வயிறும் குடலும் இருபது வகை அமினோ அமிலங்களாகப் பிரிக்கின்றன; உடம்பு அவற்றை வேறு வரிசையில் கோத்துத் தசையாகவும் ரத்தமாகவும் செய்துகொள்கிறது. அவற்றில் ஒன்பதை உடம்பால் உண்டாக்க முடியாது. சாப்பாட்டில்தான் வரவேண்டும். பழைய அச்சாபீசில் எழுத்துக் கோத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மற்ற எழுத்தெல்லாம் பெட்டி நிறைய இருந்தாலும் ‘க’ தீர்ந்துபோனால் வேலை நின்றுவிடும். அரிசியில் குறைகிற எழுத்து லைசின். பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெதியோனினை அரிசி ஈடு செய்கிறது. அரிசியோடு உளுந்தை அரைத்து இட்லி வார்த்த பாட்டி, லைசின் என்ற பெயரைக் கேட்டவள் அல்ல.

சென்ற மாதம் விக்கிரவாண்டிக் கடைவீதியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தேன். களை வெட்டிவிட்டு வந்த கோலத்தில் ஒரு பெண். இடுப்பில் நோஞ்சான் பிள்ளை.

“புள்ள தேறவே மாட்டேங்குதுண்ணே.”

“இதக் கலக்கிக் குடும்மா. அமினோ ஆசிட் எல்லாம் இருக்குது.”

450 ரூபாய். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை! நூறு கிராம் மல்லாட்டையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் பல மாகாணங்களில் பரவியதே, அந்த டி.எம்.வி. நம் திண்டிவனத்தின் பெயர்தான். ஊருக்கெல்லாம் விதை கொடுத்த சீமையில் எண்ணெய் சந்தைக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, டப்பா பிள்ளைக்கு! பூஞ்சை பிடிக்காத கொட்டையாகப் பொறுக்கி, வறுத்து, இடித்து, கஞ்சியில் கலந்து கொடு என்று சொல்ல அந்த வீதியில் ஆள் இல்லை. சொன்னால் யாருக்கு லாபம்?

நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் படித்தவர்களுக்கும் இந்த மோகம் இருந்தது. 1968-இல் ஐக்கிய நாடுகள் சபை, உலகத்தில் புரத நெருக்கடி வருகிறதென்று அறிக்கை போட்டது. இங்கே சர்க்கார் ரொட்டியில் லைசின் கலந்தார்கள். குன்னூரிலும் ஐதராபாத்திலும் நம் குழந்தைகளை ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன், பெரும்பாலும் பஞ்சம் புரதத்துக்கு அல்ல, சாப்பாட்டுக்கே என்று வாதாடினார். 1974-இல் மக்லாரன் என்பவர் லான்செட் பத்திரிகையில் அந்தப் புரதக் கூச்சலைப் படுதோல்வி என்றே எழுதினார். காரணம் எளிது. வயிறு நிறையாதவன் தின்ற புரதத்தை உடம்பு எரித்துவிடும், விறகில்லாதவன் கதவைப் பெயர்த்து அடுப்பில் வைப்பது போல. மிஞ்சியதைச் சேர்த்து வைக்கவும் உடம்பில் இடமில்லை. அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகி மூத்திரத்தில் போகும். உடம்பு வளர்க்கும் பொடிகளைத் தவிர்க்கும்படி 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தி விக்கிரவாண்டிக்கு வரவில்லை. விளம்பரம் மட்டும் வந்துவிட்டது.

அதே நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பும் முட்டை, மாமிசமுமாக 85 கிராம் வேண்டும் என்கிறது. ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம்! ரசத்துக்கு நிறம் காட்டலாம். சத்துணவில் முட்டை போடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் இடுப்பில் இருக்கும் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லையே. அட்டைக்கு ஒரு கிலோ என்பதை ஆளுக்கு ஒரு கிலோ என்று மாற்றட்டும். பணம் எங்கே என்று கேட்கும் கனவான்கள், அந்தப் பெண் மருந்துக் கடையில் எண்ணி வைத்த 450 ரூபாயை ரேஷன் விலையால் வகுத்துப் பார்க்கட்டும்: பதினைந்து கிலோ பருப்பு.