ஜெல்லிக்குள் வோட்கா

2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் மகன் வீட்டில் இருந்தேன். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் அன்று நண்பர்களை அழைத்திருந்தான். ஊர் அணியான ஈகிள்ஸுக்குப் பச்சை, எதிரணியான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குச் சிவப்பு என்று குட்டிக் கிண்ணங்களில் ஜெல்லி. தூளைக் கொதிநீரில் கரைத்து, கொஞ்சம் ஆறியதும் வோட்கா ஊற்றி, நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயிற்று. ஜெலட்டினை மாட்டெலும்பிலும் பன்றித்தோலிலும் எடுக்கிறார்கள். சைவனான எனக்கு அதுவே ஆகாது, அது கிடக்கட்டும்.

அவன் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆறு வயதுப் பேத்தி, "தாத்தா, எனக்குப் பச்சை!" என்று தட்டில் கை வைத்துவிட்டாள். அவள் பிறந்தநாளுக்கும் இதே கிண்ணம், இதே ஜெல்லிதான். வெடுக்கென்று தட்டைத் தூக்கிவிட்டேன்.

"நான் பாத்துக்கறேன்ப்பா" என்றான் மகன்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்ப்பது? மது மதுவாகவே தெரிய வேண்டும். இனிப்பில் கசப்பு மறைந்தால் பெரியவர்களுக்கே கணக்குத் தப்பும்.

ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தது. பேத்திக்கு மருமகள் தனியாக ஜெல்லி செய்து கொடுத்தாள், மஞ்சள் நிறத்தில், எவர்சில்வர் கிண்ணத்தில்.