குளத்தில் கோபுரம், கால்வாயில் யார்?

மயிலாப்பூர் தெப்பக்குளத்தங்கரையில் காற்று எழும்புமுன் போய்ப் பாருங்கள். முக்காலியை ஊன்றிக்கொண்டு யாராவது காத்திருப்பார்கள். தண்ணீரில் தலைகீழாய் விழுகிற கோபுரத்தைப் பிடிக்கத்தான். காலண்டர், சுற்றுலாப் புத்தகம், கைப்பேசி எங்கும் இதே படம். அழகுதான், யாரு இல்லேன்னது? அந்த அழகு எப்படி உண்டாகிறது என்று கேட்கிற உரிமை மட்டும் நமக்கு வேண்டும்.

தண்ணீரைச் சாய்வாகத் தாழ்ந்து பார்த்தால் மேற்பரப்பு கண்ணாடியாகிவிடும். அடியில் கிடப்பது தெரியாது. நேர்மேலே நின்று குனிந்தால் பிம்பம் மங்கி அடி தெரியத் தொடங்கும். லென்சில் போலரைசர் வடிகட்டியை மாட்டி, நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்த்துத் திருகினால் பிம்பமே அநேகமாக அழிந்துபோகும். பாசியும் பிளாஸ்டிக்கும் மேலே வரும். ஆக, பிம்பத்தைப் படமெடுக்கிறவர் எதைப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் நிற்கிறார்.

'கலையில் எதுக்குய்யா அரசியல்?' என்பார்கள். இந்த நாட்டில் தண்ணீரில் யார் நிழல் விழலாம் என்பது என்றைக்கு வெறும் கலையாக இருந்தது? பொதுத்தெருவும் பொதுக்கிணறும் பொதுக்குளமும் எல்லாருக்கும் உரியவை என்று சொல்வதற்கே 1924இல் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். வந்த சனங்களை அடித்தார்கள். பிறகு தீட்டுக் கழிக்கிறோம் என்று சாணியும் மாட்டு மூத்திரமும் குளத்தில் ஊற்றினார்கள். மனுசன் தொட்டால் தீட்டு, மூத்திரம் ஊற்றினால் சுத்தம்! பத்து வருசம் வழக்காடி 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. குனிந்து தண்ணீர் அள்ளுகிறவனுக்குத் தன் முகம் தெரியும். அந்த முகம் விழக்கூடாது என்றுதான் அத்தனை அடியும்.

தெப்பக்குளத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பக்கிங்காம் கால்வாய். தண்ணீர் எவ்வளவு கறுப்போ பிம்பம் அவ்வளவு துலக்கம். அடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்து கலைக்காது. நகரத்துச் சாக்கடையை வாங்கி வாங்கிக் கறுத்துப்போன அந்தக் கால்வாயைவிட நல்ல கண்ணாடி மயிலாப்பூரில் ஏது? ஆனா முக்காலி அங்க போகாது. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாலத்தைத் தாண்டிடுவாங்க.

போனால் முதலில் தெரிவது, கால்வாய்க்குள்ளேயே காலூன்றி நிற்கிற பறக்கும் ரயிலின் தூண்கள். 1990களில் ஓடத் தொடங்கிய ரயில். அரசாங்கம் நீருக்குள் தூண் நட்டால் வளர்ச்சி. கரையோரம் குடியிருக்கிறவன் ஆக்கிரமிப்பாளன். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, பல பத்தாண்டுகளாக இருந்தவர்களின் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். தியாகராய நகரே 1920களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர். பனகல் பார்க்கைச் சுற்றிப் பட்டுச்சேலை விற்கிற முதலாளிகளை ஆக்கிரமிப்பாளர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடையாற்றிலும் இதே கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய எட்டுமாடி அடுக்குகள். மழைத்தண்ணீர் தேங்கினால் அந்த அடுக்குகளும் தலைகீழாய்த் தெரியும். பக்கத்துச் சதுப்பில் பூநாரையையும் அதன் பிம்பத்தையும் எடுக்க நீண்ட லென்சுகள் வருகின்றன. இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆட்களைக் கிளப்பிய ஆற்றில் சூரியன் மறைகிற பிம்பம் இப்போது 'சுத்தமா' விழுது. புல்டோசர் கரையில் செய்த வேலையைத்தான் இவர்கள் சட்டகத்துக்குள் செய்கிறார்கள்.

கேமரா நம்ம கைக்கு வராத சாமான் இல்லை. 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார், மலமள்ளும் தொழிலாளர்களையும் மலக்குழியில் செத்தவர்களின் குடும்பங்களையும் தொடர்ந்து படமெடுத்தார். வடசென்னைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். நேர்மேலே நின்று குனிந்து பார்த்த கேமரா அது.

கோபுரத்தை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எடுங்க சாமி, தாராளமா எடுங்க. முடிஞ்சதும் அதே முக்காலியைத் தூக்கிக்கிட்டுக் கால்வாய்ப் பாலத்துக்கு வாங்க. காற்றடங்கின நேரம் அங்கேயும் உண்டு. தூணும் விழும், கரையில் நிற்கிறவர் முகமும் விழும்.