வடகோடி ஊர்களின் உணவும் கூட்டுறவின் கடமையும்

ஓர் ஊர் தன் உணவில் ஒரு பங்கையேனும் தானே தேடிக்கொள்ளுமாயின், அவ்வூர் விலைவாசியின் முன் நிமிர்ந்து நிற்கும். முழுவதையும் வெளியிலிருந்தே எதிர்பார்க்குமாயின், அனுப்புகிறவர் சொன்னதே விலை, அனுப்பியதே உணவு என்றாகிவிடும். நூலின் விலையை ஒருவரும் துணியின் விலையை மற்றொருவரும் நிர்ணயிக்க, இடையே தறியில் இருப்பவர் படும் பாட்டை அறிந்த நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வுண்மை இன்று மிகக் கடுமையாக வெளிப்பட்டு நிற்கும் இடங்களுள் ஒன்று கனடா நாட்டின் வடகோடி. அங்கு நடைபெறும் முயற்சிகளையும் அவற்றிற்கு அளிக்கப்பட வேண்டிய ஆதரவையும் கூட்டுறவுக் கண்கொண்டு ஆராய விரும்புகிறோம்.

நூனவுட் என்னும் பிரதேசத்தில் 25 ஊர்கள் உள்ளன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. கடற்பனி உருகியிருக்கும் சில மாதங்களில் கப்பல் வரும். ஏனைய நாட்களில் விமானமே கதி. பாலும் முட்டையும் காய்கனிகளும் தெற்கிலிருந்து பறந்து வர வேண்டும். 2017-18-ம் ஆண்டுகளில் சர்க்கார் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, நூனவுட் குடும்பங்களில் நூற்றுக்கு 57 குடும்பங்கள் போதிய உணவிற்குப் பணமின்றி ஏதோ ஒரு வகையில் இடர்ப்பட்டன. செல்வச் செழிப்பு மிக்க நாடுகளுள் ஒன்றில் இந்நிலை என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

சர்க்கார் கைகட்டி நிற்கவில்லை என்பதும் உண்மையே. முன்னர் தபால் இலாகாவின் வழியே உணவுப் பொருள்கள் குறைந்த கட்டணத்தில் அனுப்பப்பட்டன. 2011-ம் ஆண்டில் அத்திட்டம் நீக்கப்பட்டு, ‘நியூட்ரிஷன் நார்த்’ என்னும் திட்டம் வந்தது. இதன்படி, இத்தனை கிலோவிற்கு இத்தனை டாலர் என்று மானியம் கடைக்காரருக்கு அளிக்கப்படுகிறது. அவர் அந்த அளவிற்கு விலையைக் குறைத்து விற்க வேண்டும். ஆனால் 2014-ம் ஆண்டில் கனடாவின் தலைமைத் தணிக்கை அதிகாரி இத்திட்டத்தை ஆராய்ந்தபோது, மானியம் முழுவதும் வாங்குவோரைச் சென்றடைந்தது என்பதை இலாகா சரிபார்க்க இயலவில்லை என்று அறிக்கையில் குறிப்பிட்டார். கணக்கு ஏடுகளைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட எமக்கு இது ஒரு சிறு குறையாகத் தோன்றவில்லை. கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை வாங்குவோர் கையில் இல்லாத இடத்தில், எத்துணை பெரிய மானியமும் ஓட்டைப் பானையில் வார்த்த நீராகவே முடியும்.

கணக்குச் சரியாக இருந்தாலுங்கூட, மற்றொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வண்டிச் சத்தத்தை மட்டும் குறைப்பதால் ஓர் ஊர் வாழுமா? வரும் உணவிற்குத் தரும் மானியம், அவ்வூர் மக்களை என்றென்றும் வாங்குவோராகவே வைத்திருக்கும். அதே பணத்தில் ஒரு பகுதியேனும் வேட்டையாடுவோர்க்கும் மீன் பிடிப்போர்க்கும் பயிரிடுவோர்க்கும் சென்றால், அவர்கள் உற்பத்தியாளராவர். 2020-ம் ஆண்டில் இதே திட்டத்தின்கீழ் வேட்டை, மீன்பிடி ஆகியவற்றிற்கெனத் தனி உதவித் தொகை ஏற்படுத்தப்பட்டது. திசை சரியானது, அது மேலும் வளர வேண்டும்.

ஈண்டு ஒன்றை மறவாது கூற வேண்டும். வடகோடியில் உள்ளூர் உணவு என்றால் முதலில் நினைக்கத்தக்கது காய்கறித் தோட்டமன்று. இன்யூட் மக்களுக்குக் கரிபூ மானும், சீல் என்னும் கடல்நாயும், சார் மீனும், பெர்ரிப் பழங்களுமே தலைமுறை தலைமுறையாக வந்த உணவு. ஆயினும் பனிமோட்டார் வண்டிக்கும் எண்ணெய்க்கும் தோட்டாவிற்கும் ஆகும் செலவு, கூலிவேலை இல்லாதவரை வேட்டைக்கே போகவிடாமல் தடுக்கிறது. மான் மந்தைகளும் முன்போல் இல்லை. பாத்தர்ஸ்ட் மந்தை எனப்படும் கரிபூக் கூட்டம் 1986-ம் ஆண்டில் சுமார் 4,70,000 தலைகள் கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. 2018-ம் ஆண்டில் அது சுமார் 8,200 ஆகச் சுருங்கிற்று. ஆகவே, வேட்டையைப் பேணுவதும் வேண்டும். அதற்குத் துணையாக நிலத்திலிருந்தும் சிறிது பெறுவதும் வேண்டும். ஒன்றை மற்றொன்றிற்கு எதிரியாக நிறுத்துதல் அறிவுடைமையாகாது.

‘பனிக்காட்டில் விவசாயமா?’ என்று வியப்போருக்கு இன்யூவிக் என்னும் ஊர் விடையளிக்கும். ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே, என்றும் உறைந்த நிலத்தின்மீது அமைந்த அவ்வூரில், உறைவிடப் பள்ளி விடுதி ஒன்றைச் சேர்ந்த பழைய பனி ஹாக்கி அரங்கம் இடிபட இருந்தது. 1998-ம் ஆண்டில் ஊரார் அதனைப் பெற்று, ஒளி புகும் கூரையிட்டுப் பசுமைக் குடிலாக மாற்றினர். உள்ளே மேட்டுப்பாத்திகள், ஒவ்வொன்றும் ஓர் அங்கத்தினருடையது. சந்தா செலுத்துவதுடன் பொது வேலைக்கும் அங்கத்தினர் கைகொடுக்க வேண்டும். கோடையில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் அங்குச் சூரியன் மறைவதே இல்லையாதலால், பருவம் குறுகியதாயினும் பயிர் விரைந்து வளர்கிறது. தெற்கே, ஹே ரிவர் ஊரின் அருகில், வடபுல விவசாயப் பயிற்சி நிலையம் ஒன்று 2013-ம் ஆண்டில் தோன்றி, மண்ணைப் பக்குவப்படுத்துதல், கிழங்கு வகைகள் பயிரிடுதல், கால்நடை வளர்த்தல் முதலியவற்றை வடபுல மக்களுக்குக் கற்பித்து வந்துள்ளது. நூனவுட்டின் ஜோவா ஹேவன் ஊரில் 2019-ம் ஆண்டு முதல் சரக்குப் பெட்டகங்களுக்குள், காற்றாலை, சூரிய மின்சாரத்தின் துணையுடன் கீரையும் காயும் விளைவிக்கும் முயற்சி நடந்துள்ளது.

இவற்றின் எல்லையையும் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவோம். பெட்டகத்தில் விளையும் கீரை வயிற்றை நிரப்பாது. நூனவுட் ஊர்களின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களிலிருந்து வருவதாகும். விளக்கொளியில் வளரும் இலையின் விலையில் எண்ணெயின் விலையும் அடங்கும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் ஒரே திட்டம் என்று மேலிடத்தில் தீட்டி அனுப்புதல் பயன் தாராது. கிழங்கு விளையும் இடத்தில் கிழங்கும், மீன் மலிந்த இடத்தில் மீனும் என்று ஊருக்கேற்ற முயற்சியே நிலைக்கும்.

வெளியிலிருந்து கொணர்ந்த திட்டத்தின் கதிக்கு அலாஸ்காவின் மட்டனூஸ்கா பள்ளத்தாக்கு ஒரு பாடம். 1935-ம் ஆண்டில், பொருளாதார மந்தத்தால் நலிந்த 203 குடும்பங்களை அமெரிக்க சர்க்கார் அங்கே குடியேற்றிற்று. குடும்பத்திற்குச் சுமார் 40 ஏக்கர் நிலம். வீடு கட்டக் கடன். குளிரும் கடனும் தாங்காது பலர் வெளியேறினர். எஞ்சியோர் தம் விளைபொருளை விற்கவும் பாலைப் பதப்படுத்தவும் கூட்டுறவுச் சங்கம் கண்டு, பல்லாண்டு நடத்தினர். தெற்கிலிருந்து கப்பலில் மலிவான பால் வந்து குவியத் தொடங்கிய பின், 1980-களில் கடன் சுமையால் பால் நிலையம் மாநில சர்க்காரின் கைக்குப் போயிற்று. 2007-ம் ஆண்டில் மூடப்பட்டது. சங்கம் அமைத்தால் மட்டும் போதாது. சந்தையைக் காத்தலும் கடனை அளவோடு நிறுத்தலும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. எனினும், அப்பள்ளத்தாக்கில் இன்றும் பயிர் விளைகிறது. குடியேறியவர்கள் கற்ற தொழில் அழிந்துவிடவில்லை.

கனடாவின் வடகோடியிலோ கூட்டுறவு மேலிருந்து விழுந்த விதையன்று. 1959-ம் ஆண்டில் ஜார்ஜ் நதிக்கரையில், இன்று காங்கிக்சுவாலுயுவாக் என வழங்கும் ஊரில், இன்யூட் மக்கள் சார் மீன் விற்பனையை ஆதாரமாகக் கொண்டு சங்கம் அமைத்தனர். அதே ஆண்டில் கேப் டோர்செட், இன்றைய கின்ங்கைட், ஊரில் தோன்றிய சங்கம் கல்லச்சுச் சித்திரங்களால் உலகப் புகழ் பெற்றது. பாங்னிர்துங் ஊரில் 1970-ம் ஆண்டு முதல், ஊர்ச் சித்திரக்காரர் வரைந்தவற்றைத் தறியில் திரைச்சீலைகளாக நெய்து வருகின்றனர் என்பதை நம் நெசவாளர் அன்பர்கள் அறிந்தால் மகிழ்வர். தனித்தனிச் சங்கங்கள் பின்னர் ஒன்றிணைந்து, 1981-ம் ஆண்டில் ஆர்க்டிக் கூட்டுறவுகள் லிமிடெட் என்னும் மத்திய ஸ்தாபனம் உருவாயிற்று. இன்று 30-க்கு மேற்பட்ட சங்கங்கள் அதன் உடைமையாளர்கள். பல ஊர்களில் பண்டகசாலையை நடத்துவதே அந்தச் சங்கந்தான்.

ஆதலின் நாம் கூறும் யோசனைகள் நான்கு. முதலாவது, மானியம் பெறும் ஒவ்வொரு கடையும், கூட்டுறவுப் பண்டகசாலை உட்பட, எவ்வளவு பெற்றது, எவ்வளவு விலை குறைத்தது என்பதை ஊரார் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். நம் இயக்கத்தைச் சேர்ந்தது என்பதற்காக எவர்க்கும் விலக்கு அளிக்கலாகாது. இரண்டாவது, உள்ளூர் மீனையும் கிழங்கையும் பருவத்திற்கு முன்பே அறிவித்த விலையில் சங்கம் கொள்முதல் செய்ய வேண்டும். வாங்குவோர் உண்டு என்னும் உறுதி இன்றி எவரும் பாத்தி கட்டார். மூன்றாவது, இறைச்சிக்குக் குளிர்பதன அறையும் கிழங்கிற்கு நிலவறையும் ஊர்ப் பொதுவில் அமைய வேண்டும். நான்காவது, கணக்கு எழுதவும் கடையை நடத்தவும் ஊர் இளைஞர்க்கே பயிற்சி அளிக்க வேண்டும். செயலாளர் தெற்கிலிருந்து வந்து தெற்கிற்கே திரும்பிப் போவாராயின், சங்கத்தின் நினைவும் அவருடன் போய்விடும்.

இவை பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. பொறுமையையும் நேர்மையான கணக்கையும் வேண்டுவன. விமானம் தாமதமானால் அடுப்பும் அணைய வேண்டும் என்னும் நிலை எந்த ஊருக்கும் தகாது. தன் ஊரின் உணவில் ஒரு கவளத்தையேனும் தன் கையால் தேடித் தன் சங்கத்தின் தராசில் நிறுத்து விற்கும் மனிதன், மானியத்திற்குக் கையேந்தும் மனிதனைவிட உயர்ந்து நிற்பான். அவனுக்கு அந்தத் தராசை அமைத்துக் கொடுப்பதே கூட்டுறவின் கடமை எனக் கருதுகிறோம்.